பொழுதுபோக்கு ராக்கெட்: பற்றவைப்பும் பாராசூட் வெளியேற்றமும் (கிள்ளான் பள்ளத்தாக்கு)

பொழுதுபோக்கு ராக்கெட்டில் நெருப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு: தரையில் மோட்டாரைப் பற்றவைப்பதும், உச்சியில் மூக்குக்கூம்பைத் தள்ளிப் பாராசூட்டை வெளியேற்றுவதும். அமெரிக்காவில் கடைகளில் விற்கும் சிறு மோட்டார்களில் மின்சாரத்தால் சூடேறும் கம்பி எரிபொருளைப் பற்றவைக்கிறது. எரிபொருள் தீர்ந்ததும் தாமதக் கலவை சில விநாடிகள் மெதுவாக எரிந்து, கடைசியில் சிட்டிகையளவு கருமருந்தைக் கொளுத்துகிறது. அங்கே நன்றாக நடக்கும் இந்த ஏற்பாடு கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்து மாணவர்களுக்கு ஏற்றதல்ல. அவர்களுக்கு உகந்தது அழுத்தக் காற்றும் இயந்திர விசையுமே.

முதற்காரணம் சட்டம். மலேசியாவின் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி உரிமமின்றி வெடிமருந்து தயாரிப்பது குற்றம். அந்தக் கண்டிப்பு ஏன் தேவை என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே சான்று உண்டு. 1991 மே 7 அன்று சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கம்பக்கத்து வீடுகளின் கூரைகள் பெயர்ந்தன. கருமருந்து பல்லாண்டுகளாக நம்பகமாகப் பயன்படுகிறதே என்று கேட்கலாம். அந்த நம்பகத்தன்மை ஆலையில் அளந்து அழுத்தி மூடிய மோட்டாருக்கு உரியது, வீட்டு மேசையில் கலக்கும் தூளுக்கு அல்ல. இங்குள்ள காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்கிறது: நமத்த மருந்து தாமதித்துப் பற்றும், அல்லது பற்றவே பற்றாது. பற்றாத ராக்கெட்டை அவசரப்பட்டு நெருங்கும் கணம்தான் மிக ஆபத்தானது.

கோலாலம்பூர் தேசியக் கோளரங்கம் நடத்திவந்துள்ள நீர் ராக்கெட் போட்டிகள் மாற்றுவழியைக் காட்டுகின்றன. குளிர்பானப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நீர், சைக்கிள் பம்பால் ஏற்றிய காற்று, இவையே உந்துவிசை. பாராசூட்டுக்குச் சாவி கொடுக்கும் பொம்மையின் பற்சக்கரம் போதும்: அது சுழலச் சுழல நூல் அவிழும், ரப்பர் வளையம் விடுபடும், பக்கக் கதவு திறந்து குடை வெளியே வரும். இது குழந்தை விளையாட்டு, பற்றவைப்பைக் கற்றுத்தராது என்பர் சிலர். ஆனால் கற்க வேண்டியதில் கடினமான பகுதி நேரக்கணிப்பு. முந்தினால் வேகத்தில் குடை கிழியும், பிந்தினால் ராக்கெட் தரையில் மோதும். இந்தக் கணக்கைப் பற்சக்கரமும் கேட்கிறது. பெரிய ராக்கெட்டுகளில் கார்பன் டை ஆக்சைடு குப்பிகள் பயன்படுவதுண்டு. ஆயினும் அவற்றில் பல குப்பியைத் துளைக்கவே சிறிது கருமருந்தைக் கேட்பதால் பள்ளிக்கு அவையும் வேண்டாம்.

தீபாவளிப் பட்டாசைப் பிரித்து மருந்தெடுப்பது எல்லாவற்றிலும் மோசமானது. உரசலுக்கே வெடிக்கக்கூடிய கலவைகள் அதில் உண்டு. பிரிக்பீல்ட்ஸானாலும் கிள்ளானானாலும், அப்படி முயலும் பிள்ளையைப் பெற்றோரும் ஆசிரியரும் உடனே தடுத்து, கையில் ஒரு சைக்கிள் பம்பைக் கொடுக்க வேண்டும்.