ஏர்வாடி: சங்கிலியும் மாத்திரையும்

இராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையை அடுத்த கடலோர ஊர் ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீத் பாதுஷாவின் தர்காவால் புகழ் பெற்றது. இங்கு வந்தால் மனநோய் தீரும் என்று நம்பி, எல்லா மதத்தினரும் நோயாளிகளை அழைத்து வந்தனர். தர்காவின் தண்ணீரும் அங்கு எரியும் விளக்கின் எண்ணெயும் மருந்தாகத் தரப்பட்டன. காலப்போக்கில் தனியார் காப்பகங்கள் பெருகின. நோயாளிகள் ஓடிவிடாமலிருக்கச் சங்கிலியால் கட்டி வைத்தனர்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு காப்பகத்தின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் தப்ப முடியவில்லை. 28 பேர் மாண்டனர். ஒரே வாரத்தில் இத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பின்னாளில், மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த 'தவா-துவா' திட்டம் ஏர்வாடிக்கு வந்தது.

சங்கிலி போய் மாத்திரை வந்தது. ஆனால் அது என்ன மாத்திரை என்று விழுங்குபவருக்குச் சொன்னார்களா?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்தது. சிகிச்சை பற்றிய தகவலை எளிய மொழியிலோ, சைகையிலோ, படங்கள் மூலமோ புரியும்படி சொல்ல வேண்டும் என்றும் கூறியது. எனினும், முன்பு 'மனவளர்ச்சி குன்றியோர்' எனப்பட்ட அறிவுசார் குறைபாடுடையோர் அச்சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வருவதில்லை. அவர்களுக்கு உரியது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதுவும் எளிய மொழியைத் தகவல் தொடர்பு முறைகளில் ஒன்றாக ஏற்கிறது.

இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. கோபம், அமைதியின்மை போன்ற நடத்தைகளுக்காக இவர்களுக்கும் மனநோய் மருந்துகள் தரப்படுவதுண்டு. அவற்றால் தூக்கக் கலக்கம், கை நடுக்கம், உடல் பருமன் வரலாம். இது மருந்தால் வருகிறது என்று தெரியாதவரால் அதை எடுத்துச் சொல்ல இயலாது. மாத்திரையைத் துப்பினால் பிடிவாதம் என்கிறார்கள். பல்வலியால் அலறினாலும் நோய் முற்றிவிட்டது என்கிறார்கள்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகம் இவர்களுக்காகவே படங்களும் ஒலிப்பதிவும் கொண்ட மருந்துக் கையேடுகளைத் தயாரித்தது. நம்மூரிலோ மருந்து அட்டைகளில் பெரும்பாலும் ஆங்கிலமே உள்ளது. காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா, நடுங்கும் கைக்கு ஒரு படம், 'இப்படி இருந்தால் அக்காவிடம் சொல்' என்று ஒரு வரி. இதற்குப் பெரும் செலவு ஆகாது.

ஏர்வாடியில் இறந்தவர்களிடம் எதையும் யாரும் கேட்கவில்லை. உயிரோடு இருப்பவர்களிடமாவது மாத்திரையைக் கொடுக்கும்போது அது எதற்கு என்று சொல்ல வேண்டும். பதிலுக்கு அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும்.