நாட்றாம்பாளையத்துக்கு எத்தனை நூலகர்?

பொது நூலக வளர்ச்சியைப் பேச வரும்போது நாம் கட்டடங்களையும் நூல்களையும் எண்ணுகிறோம். நூலகரை எண்ணுவது அரிது. ஒரு மாவட்டத்தின் வாசிப்பு வசதியை அளக்க, மக்கள்தொகைக்கு எத்தனை பயிற்சி பெற்ற நூலகர் என்ற கணக்கைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2001இல் வெளியிட்ட வழிகாட்டி 2,500 பேருக்கு ஒரு முழுநேரப் பணியாளர் வேண்டும் என்றது. பணியாளரில் மூன்றில் ஒரு பங்கினர் நூலகவியல் கற்றவர்களாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 2011 கணக்கெடுப்பில், நாட்றாம்பாளையம் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,79,809. அப்படியானால் இம்மாவட்டத்துக்கு ஏறத்தாழ 750 பணியாளரும், அவர்களுள் 250 நூலகரும் தேவை. மாநிலம் முழுமைக்கும் ஏறத்தாழ 28,900 பணியாளர் வேண்டும். பகுதி நேர நூலகங்களையும் சேர்த்தே தமிழகத்தில் சுமார் 4,600 பொது நூலகங்கள்தாம் உள்ளன; பெரிய நூலகங்களை விட்டால் பெரும்பாலும் ஒற்றை ஆள் நிர்வாகம்.

இத்தனைக்கும் விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம், 1948இல். அதற்கு முன்பே, 1929இல், நூலகவியல் அறிஞர் அரங்கநாதன் சென்னையில் நூலகவியல் வகுப்பு தொடங்கியிருந்தார். பயிற்சி பெற்ற ஆள் இல்லாமல் நூலகம் இல்லை என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. பின்னாளில் கிளை நூலகங்களுக்குக் கீழே ஊர்ப்புற நூலகங்களும் பகுதி நேர நூலகங்களும் வந்தன. நூலக எண்ணிக்கை கூடியது. நூலகர் பதவியின் தரமும் ஊதியமும் கீழே இறங்கின. ஊர்ப்புற நூலகர் முறையான ஊதிய விகிதத்துக்கு வெளியே நிற்கிறார். பகுதி நேர நூலகத்தை நடத்துபவர் தினக்கூலி. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் நூலகம் கட்டியது. பொறுப்பாளருக்குச் சிறு மதிப்பூதியம் மட்டுமே. அவற்றில் பல பூட்டிக் கிடந்ததற்கு வாசகரைக் குறை சொல்வது நியாயமில்லை.

எல்லைக்கு அப்பால் கர்நாடகம் 2019இல் கிராம ஊராட்சி நூலகங்களை ஊரக வளர்ச்சித் துறைக்கு மாற்றிப் புத்துயிர் தர முனைந்தது. அங்கும் பொறுப்பாளர் மதிப்பூதியக்காரராகவே இருந்தார். பிரிட்டனில் 2010க்குப் பின் ஊதியப் பணியாளர் குறைந்து தன்னார்வலர் பெருகினர். அமெரிக்கப் பொது நூலகக் கணக்கெடுப்போ 25,000 பேருக்கு எத்தனை முதுகலை நூலகர் என்று பிரித்துக் காட்டுகிறது. குறைந்தால் குறைந்தது தெரிகிறது.

நம் கணக்குக்கு அடிப்படையான மக்கள்தொகை எண்ணும் பழையது. 2011க்குப் பின் ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகளும் விடுதிகளும் பெருகின. வெளி மாநிலத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். அவர்களையும் சேர்த்தால் ஒரு நூலகர் சுமக்கும் எண் இன்னும் பெரிது.

நாட்றாம்பாளையத்தில் சிக்கல் வேறு. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் காட்டுப் பாதையில், சிதறிய குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. 2,500 பேர் என்ற அளவு இங்கே பல மலைக் கிராமங்களைக் கூட்டினால்தான் தேறும். யானை நடமாடும் வழியில் பிள்ளைகள் நூலகத்துக்கு நடந்து வர முடியாது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் வட்டாரம் வேறு. எந்தப் பிள்ளைக்கு எந்த மொழியில் எந்த நூல் என்று அறிந்து கொடுக்க, நிலையாக அங்கே பணிபுரியும் ஒருவர் வேண்டும். 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகத்தை ஊர் ஊராக அனுப்பினார். சாலையும் வாகனமும் உள்ள இன்று, அஞ்செட்டி மலைக்கு ஒரு நடமாடும் நூலகமும் அதற்கென முழுநேர நூலகரும் கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

பணம் எங்கே என்பார்கள். சொத்து வரியோடு வசூலாகும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டியது. ஓசூரின் ஆலைகளும் அடுக்குமாடிகளும் கட்டும் வரியில் நாட்றாம்பாளையத்துக்கும் உரிமை உண்டு. அந்த வரி எவ்வளவு, அதில் எத்தனை நூலகர் பணியிடம் நிரப்பப்பட்டது என்பதை வட்டம் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அஞ்செட்டி வட்டத்திலிருந்தே தொடங்கலாம்.