‘நைஸ்’ என்றால் முட்டாள்

1300-கள்ல இங்கிலாந்துல ஒருத்தரை ‘நைஸ்’னு சொன்னா சண்டைதான். அப்போ அதுக்கு அர்த்தம் முட்டாள். ஒண்ணும் அறியாதவன் என்ற பொருள் கொண்ட ‘நெஸ்கியுஸ்’ என்ற லத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியா வந்து இப்படி ஆச்சு. அப்புறம் சோம்பேறி, கூச்சக்காரர், எதிலும் குறை பார்க்கிறவர்னு பல வேஷம். குறை பார்க்கிறவருக்கு நுணுக்கம் தெரியணுமே! அதனால் ‘நுட்பமான’ என்பதும் சேர்ந்தது. ‘இனிமையான’ என்பது 1700-களில்தான் பரவியது.

அதுக்கும் எதிர்ப்பு வந்தது. ஜேன் ஆஸ்டின் இறந்த பிறகு, 1817 டிசம்பரில் வெளியான ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில், கேத்தரின் ஒரு புத்தகத்தை நைஸ் என்கிறாள். உடனே ஹென்றி டில்னி கிண்டலடிக்கிறார். நேர்த்தி, நாசூக்கு இதுக்கெல்லாம்தான் முதல்ல அந்தச் சொல் இருந்திருக்கும்னு பாடம் வேற. முதல் அர்த்தம் முட்டாள்னு அவருக்கு யார் சொல்றது? கடைசியில் ஜெயிச்சது கேத்தரினோட ‘நைஸ்’தான்.

நாம மட்டும் என்ன, மாவை நைஸா அரைக்கிறோம், மீட்டிங்ல இருந்து நைஸா நழுவுறோம். டில்னி கேட்டிருந்தா மயக்கமே போட்டிருப்பார்.