அம்மை குத்துதலும் மக்களின் தயக்கமும்

தடுப்பூசி எளிதில் கிடைக்கும் நிலையிலும் அதைப் போட்டுக்கொள்ளத் தாமதிப்பது அல்லது மறுப்பது தடுப்பூசித் தயக்கம் எனப்படும். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் உலக மக்களின் நலத்துக்கு அச்சுறுத்தலாக உள்ள பத்துச் சிக்கல்களுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டது. எனினும் இத்தயக்கம் புதிதன்று. முதல் தடுப்பூசியான பெரியம்மைத் தடுப்பூசியோடு சேர்ந்தே பிறந்தது. தயங்கியவர்கள் எல்லோரும் அறியாமையால் தயங்கவில்லை என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

நோயும் தடுப்பும்

பெரியம்மையின் கடுமையான வகை கண்டவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு மூவர் இறந்தனர். பிழைத்தவர்களில் பலருக்கு முகத்தில் தழும்பு நிலைத்தது. சிலர் பார்வையை இழந்தனர். ஒருமுறை நோய் கண்டவருக்கு அது மீண்டும் வருவதில்லை என்பதை மக்கள் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். ஆகவே நோயாளியின் கொப்புளச் சீழைச் சிறிதளவு எடுத்து, நலமாக உள்ளவரின் தோலைக் கீறி வைக்கும் வழக்கம் வங்காளத்திலும் துருக்கியிலும் இருந்தது. வங்காளத்தில் இதைத் தொழிலாகச் செய்தவர்கள் டீக்காதார் எனப்பட்டனர். இம்முறையில் நோய் பெரும்பாலும் இலேசாக வந்து போகும். ஆயினும் சிலர் இறப்பதும், அவர்களிடமிருந்து மற்றவர்களுக்கு நோய் பரவுவதும் உண்டு.

இங்கிலாந்து மருத்துவர் எட்வர்டு ஜென்னர், 1796 மே 14 அன்று, பால் கறக்கும் பெண் ஒருவரின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புள நீரை ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனுக்குச் செலுத்தினார். பின்னர்ப் பெரியம்மைச் சீழை வைத்துச் சோதித்தபோதும் சிறுவனுக்கு நோய் வரவில்லை. இந்தியாவில் 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு இது முதன்முதலாகப் போடப்பட்டது. அங்கிருந்து மற்ற மாகாணங்களுக்கும் பரவியது.

தயக்கத்தின் காரணங்கள்

முதற்காரணம் நம்பிக்கை. தமிழில் ‘அம்மை’ என்ற சொல்லே தாயைக் குறிக்கும். நோய் கண்டவரிடம் மாரியம்மன் இறங்கியிருக்கிறாள் என்றும், வேப்பிலையாலும் குளிர்ச்சியான உணவாலும் அவள் மனத்தைக் குளிர்விக்க வேண்டும் என்றும் மக்கள் கருதினர். அம்மனின் வருகையைக் கத்தி கொண்டு தடுப்பது அவர்களுக்குத் தெய்வக் குற்றமாகத் தோன்றியது.

இரண்டாவது காரணம், அன்று அம்மை குத்திய முறை. குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் அம்மைப்பாலைக் கெடாமல் வைத்திருப்பது கடினம். எனவே முன்பு குத்தப்பட்ட குழந்தையின் கையில் எழும் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்கு வைத்தனர். தம் குழந்தையின் ஆறாத புண்ணைக் குத்தி நீர் எடுப்பதைப் பெற்றோர் விரும்பவில்லை. வேறு சாதிக் குழந்தையின் உடலிலிருந்து எடுத்ததை ஏற்கவும் பலர் மறுத்தனர். இதன் வழியே வேறு நோய்கள் பரவும் என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. இத்தாலியின் ரிவால்டாவில் 1861இல் இம்முறையால் குழந்தைகள் பலருக்கு மேகநோய் தொற்றியது.

மூன்றாவது காரணம், மருந்து எப்போதும் பலித்துவிடவில்லை. வெப்பத்தில் அம்மைப்பால் வீரியம் இழந்தது. சரியாகப் பலித்தாலும் அதன் காப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்தது. குத்திக்கொண்டவருக்கே பின்னாளில் பெரியம்மை வந்ததைக் கண்ட ஊரார் நம்பிக்கை இழந்தனர்.

நான்காவது காரணம் அரசு. அயல் ஆட்சியின் ஊழியர் வந்து குழந்தையின் கையைக் கீறுவதை மக்கள் ஐயத்துடன் பார்த்தனர். 1880ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட நகராட்சிகளிலும் இராணுவக் குடியிருப்புகளிலும் பழைய முறையைத் தடை செய்யவும் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கவும் வழிசெய்தது.

இணங்க வைத்த முயற்சிகள்

சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ், மாட்டம்மை தேவியின் அருளால் பசுவின் வழியே கிடைத்தது என்ற கருத்தமைந்த தமிழ்ப் படைப்பு ஒன்றை உருவாக்கினார். மக்களின் நம்பிக்கையைப் பழிக்காமல், அதன் வழியாகவே மருந்தை அறிமுகப்படுத்த முயன்றது இதன் சிறப்பு. பிற்காலத்தில் கன்றுகளிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை வந்தது. அதைத் தயாரிப்பதற்காக 1899இல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கப்பட்டது. குழந்தையிடமிருந்து குழந்தைக்கு மாற்றும் தேவை நீங்கியதால் அச்சத்தின் ஒரு பெரும் காரணமும் மறைந்தது.

இங்கிலாந்தில் எதிர்ப்பு

தயக்கம் கீழை நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1853ஆம் ஆண்டுச் சட்டம் கைக்குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. மறுத்த பெற்றோருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. செலுத்த முடியாத ஏழைகள் சிறை சென்றனர். 1885இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரவர் ஊர்வலமாகச் சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். இறுதியில் 1898ஆம் ஆண்டுச் சட்டம், மனச்சான்றின் பேரில் மறுக்கும் பெற்றோருக்கு விலக்கு அளித்தது. படித்தவர்களும் தயங்கினர் என்பதற்குக் காந்தியடிகளே சான்று. அவர் அம்மை குத்துவதை ஏற்காமல் எழுதியுள்ளார்.

முடிவில் ஓர் இளைஞர்

உலக சுகாதார நிறுவனம் 1967இல் பெரியம்மை ஒழிப்பைத் தீவிரப்படுத்தியது. நோயாளிகளை வீடுவீடாகத் தேடிக் கண்டறிந்து, அவர்களைச் சுற்றியுள்ளோருக்கு உடனே ஊசி போடும் முறை கையாளப்பட்டது. இந்தியாவில் 1975இல் நோய் ஓய்ந்தது. உலகில் இயற்கையாகத் தொற்றிய கடைசிப் பெரியம்மை 1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்கா நகரில் அலி மாவ் மாலின் என்ற இளைஞருக்குக் கண்டது. அவர் ஒரு மருத்துவமனையின் சமையல்காரர். தடுப்பூசி அவருக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. வலிக்கும் என்று அஞ்சி அவர் அதைத் தவிர்த்திருந்தார். அவர் பிழைத்தார். 1980 மே மாதத்தில் பெரியம்மை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மாலின் பிற்காலத்தில் இளம்பிள்ளைவாத ஒழிப்புப் பணியில் சேர்ந்தார். தயங்கிய பெற்றோரிடம் தம் கதையையே எடுத்துச் சொன்னார். 2013இல் அவர் இறந்தபோதும் அப்பணியிலேயே இருந்தார். பெரியம்மையின் வரலாறு தரும் பாடமும் இதுவே: தயங்குபவரை இகழ்வதாலும் தண்டிப்பதாலும் தயக்கம் தீர்வதில்லை. அச்சத்தின் காரணத்தைக் கேட்டறிந்து, களையக்கூடியதைக் களைந்து, மற்றவற்றுக்கு நம்பிக்கைக்குரியவர் வாயால் விடை சொல்லும்போதே அது தீர்கிறது.