நசுக்கினால்தான் பூண்டு: ஒரு பழைய கதை



ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போடுகிறோம். வாசம் தெருவரைக்கும் வருது. அதே பூண்டை முழுப் பல்லாகக் குழம்பில் போடுகிறோம். வெண்ணெய் மாதிரி வெந்து கரையுது, காரமே தெரிவதில்லை. ஒரே கட்டில் வாங்கின பூண்டுதான், இந்த வித்தியாசம் எப்படி வந்தது? இதற்கு முழு விடை கிடைக்க 1948-ஆம் வருஷம் வரை ஆச்சுதுங்க. அந்தக் கதையையும், அதனால் நம் வீட்டு அடுப்படிக்குக் கிடைத்த பாடத்தையும் இன்று பார்ப்போம்.

பூண்டு மனிதனுக்கு மிகப் பழைய சொந்தம். எகிப்து நாட்டு மன்னன் துட்டன்காமுன் இறந்து சுமார் 3,300 வருஷம் ஆகிறது. 1922-ல் அவன் கல்லறையைக் கண்டுபிடித்துத் திறந்தபோது உள்ளே வைத்திருந்த பொருள்களில் பூண்டும் இருந்தது. மத்திய ஆசியாவில் குச்சா என்ற ஊரில் 1890-ல் பவர் என்ற ஆங்கில ராணுவ அதிகாரிக்கு, மரப்பட்டையில் எழுதிய சமஸ்கிருதச் சுவடி ஒன்று கிடைத்தது. 1,400 வருஷத்துக்கும் மேல் பழையது. அதில் ஒரு பகுதி பூண்டின் மருத்துவத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. பூண்டுக்குச் சக்தி உண்டு என்பது ஊருக்கே தெரியும். அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

1944-ல் அமெரிக்காவில் காவலிட்டோ, பெய்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் நசுக்கிய பூண்டிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். காரமும் வாசமும் உள்ள அந்தப் பொருள் கிருமிகளையும் அடக்கியது. அல்லிசின் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் முழுப் பல்லில் தேடினால் அல்லிசின் இல்லை! நான்கு வருஷம் கழித்து, 1948-ல், சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்தில் ஸ்டோல், சீபெக் என்ற இருவர் புதிரை அவிழ்த்தார்கள். பூண்டுக்குள் இருப்பது அல்லியின் என்ற, வாசமே இல்லாத பொருள். அதற்குப் பக்கத்திலேயே, தனி அறையில் பூட்டி வைத்தது போல, ஒரு நொதி இருக்கிறது. கத்தியோ குழவியோ பட்டு அறை உடைந்தால் இரண்டும் கலக்கும். கலந்த மாத்திரத்தில் அல்லிசின் பிறக்கும்.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பாக்கு தனியாக மென்றால் வாய் சிவக்குமா? சுண்ணாம்பும் சேர்ந்தால்தானே சிவக்கும்! அது போலத்தான் இதுவும். பூச்சி கடித்தால் விரட்டுவதற்குப் பூண்டு வைத்திருக்கிற ஆயுதம் இது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசல் தயாரிக்கும்போது பூண்டை நன்றாக இடித்துப் போடச் சொல்வதும் இதனால்தான்.

இன்னொரு விஷயம். அந்த நொதிக்குச் சூடு ஆகாது. முழுப் பல்லாக வேகவைத்தால் அல்லிசின் பிறக்கும் முன்பே நொதி செத்துப் போகும். குழம்புப் பூண்டு சாதுவாக இருப்பதன் ரகசியம் அதுதான். நசுக்கிப் 10 நிமிஷம் வைத்திருந்து அப்புறம் சூடாக்கினால் பலன் ஓரளவு நிற்கிறது என்று 2001-ல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

ஆகவே வீட்டில் இப்படிச் செய்யுங்கள். பல்லின் அடிக்காம்பை நறுக்கிவிட்டு, கத்தியின் பட்டைப் பக்கத்தால் ஒரு அழுத்து அழுத்துங்கள். தோல் தானாகக் கழன்றுவிடும். முதலில் நீளவாக்கில் மெல்லிசாகவும், பிறகு குறுக்கேயும் நறுக்குங்கள். இன்னும் நைசாக வேண்டுமானால் அம்மியில் இரண்டு கல் உப்பு வைத்து நசுக்குங்கள், வழுக்காது. 10 நிமிஷம் விட்டு, மிதமான சூட்டில் போடுங்கள். கருகினால் கசக்கும்.

இனிச் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். பூண்டு விலை சரிகிற காலத்தில், நறுக்கி எண்ணெயில் போட்டு பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று தோன்றும். யோசனை நல்லதுதான், ஆனால் ஆபத்தும் உண்டு. 1985-ல் கனடாவில் வான்கூவர் நகரத்து உணவு விடுதி ஒன்றில், எண்ணெயில் ஊறிய நறுக்குப் பூண்டைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் வெளியிலேயே வைத்துவிட்டார்கள். அதைச் சாப்பிட்ட 36 பேருக்குப் பொட்டுலிசம் என்ற, நரம்பைச் செயலிழக்கச் செய்கிற நோய் வந்தது. 1989-ல் நியூயார்க் மாநிலத்தில் மேலும் மூன்று பேருக்கு வந்தது. அதன் பிறகு அமெரிக்க அரசு, இப்படி விற்கிற பூண்டில் புளிப்புப் பொருள் சேர்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

காரணம் என்ன? இந்தக் கிருமி மண்ணில் இருப்பது. பூண்டும் மண்ணில் விளைவதுதானே! அதன் வித்து கொதிநீருக்கும் சாகாது. எண்ணெய் மூடி காற்று போகாத இடத்தில், புளிப்பும் குளிர்ச்சியும் இல்லாவிட்டால், அது வளர்ந்து விஷம் கக்கும். வாசனையும் ருசியும் மாறாததால் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் எண்ணெயில் போட்ட பூண்டைக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டும், நான்கு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் நசுக்குங்கள். விற்க நினைக்கிறவர்கள், புளிப்பை அளந்து சேர்க்கும் முறையை உணவுத் தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

முழுப் பூண்டுக்குத் தோலே காவல், காற்றாடத் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். நசுக்கிய பூண்டுக்கு நாம்தான் காவல்.