டார்பி நகரத்து வட்டக் கொட்டகை

புகைவண்டி ஓடக் கண்டு வியப்பவர் பலர். ஓடி முடித்த எஞ்சின் இரவில் எங்கே தங்குகிறது, அதன் சாம்பலை வாரிப் பழுது பார்ப்பவர் யாவர், மறுநாள் அது முகந்திரும்பி வருவது எங்ஙனம் என்று கேட்பவர் சிலரே. அக்கேள்விக்கு விடையாக இங்கிலாந்து தேசத்து டார்பி நகரில் ஒரு பழங்கட்டடம் நிற்கின்றது. அதன் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

நீராவி எஞ்சினுக்கு முன் பின் என்ற பேதமுண்டு. புகைபோக்கி முன்னும், ஓட்டுபவர் நிற்குமிடம் பின்னும், நிலக்கரி வண்டி அதற்கும் பின்னுமாக அமைந்தது அது. பின்புறமாக ஓட்டினால் நிலக்கரி வண்டி பார்வையை மறைக்கும், வேகமும் கூடாது. ஆதலால் ஊர் சேர்ந்த எஞ்சினைத் திருப்பியாக வேண்டும். இதற்கென அமைந்ததே சுழல்மேடை. பள்ளத்தின் நடுவே ஓர் அச்சு. அதன்மேல் தண்டவாளம் பதித்த பாலம். எஞ்சினின் பாரம் அச்சின் இருபுறமும் சமமாக நிற்குமாறு நிறுத்திவிட்டால், பல டன் இரும்பைச் சில ஆட்கள் கைகளால் தள்ளியே சுற்றிவிடலாம். பலத்தினும் நிதானமே இங்கு பெரிது.

அம்மேடையைச் சுற்றிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலத் தண்டவாளங்களை அமைத்துக் கூரையிட்டால், அதுவே 'ரவுண்ட் ஹவுஸ்' எனப்படும் வட்டக் கொட்டகை. ஓர் எஞ்சினை வெளியே எடுக்க மற்றொன்றை அசைக்க வேண்டுவதில்லை. எனினும் இதில் ஒரு குறையுமுண்டு: மேடை பழுதுற்றால் உள்ளிருக்கும் எஞ்சின்கள் அனைத்தும் சிறைப்பட்டனவே.

டார்பியில் மூன்று ரயில் கம்பெனிகள் வந்து கூடின. அவற்றுள் ஒன்றாகிய நார்த் மிட்லண்டு கம்பெனி, 1839-ம் ஆண்டில் பதினாறு பக்கங்களுடைய இக்கொட்டகையை எழுப்பிற்று. உலகில் இன்று எஞ்சியுள்ள ரயில் வட்டக் கொட்டகைகளுள் இதுவே மிகப் பழையதென்பர். 1844-ல் மூன்று கம்பெனிகளும் இணைந்து மிட்லண்டு ரயில்வே ஆயின. அதன் எஞ்சின் பகுதிக்குத் தலைவராய் அமர்ந்தவர் மாத்யூ கர்ட்லி. அடுப்பில் கரி தள்ளும் வேலையும், பின் எஞ்சின் ஓட்டும் வேலையும் பார்த்து உயர்ந்தவர் அவர். கையால் உழைத்தவனுக்கு மூளையால் ஆளத் தெரியாதென்று கூறுவோர் இவர் வரலாற்றை அறிதல் நலம். அவர் காலத்திலேயே, 1851-ல், டார்பிப் பட்டறை தானே எஞ்சின்களைச் செய்யத் தொடங்கிற்று.

காலம் மாறிற்று. எஞ்சின்கள் நீண்டன, பழைய மேடைகள் பல அவற்றுக்குக் குறுகிப்போயின. பின்னர் இருமுனையிலும் ஓட்டுபவர் அமரும் டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றைத் திருப்ப வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லாதொழிந்தது. டார்பியின் இறுதி நீராவி எஞ்சின் 1957-ல் வெளிவந்தது. 1990-ல் அப்பழைய பட்டறை மூடப்பட்டது. சுத்தியலோசை ஓய்ந்தது, கொட்டகை பாழாய்க் கிடந்தது.

பிற இடங்களில் இத்தகைய கொட்டகைகள் எத்தனையோ இடிக்கப்பட்டன. டார்பியார் அவ்வாறு செய்தாரில்லை. கட்டடத்தைச் செப்பனிட்டு, 2009-ல் அதனைக் கல்லூரியாகத் திறந்தனர். எஞ்சின் நின்ற இடத்தில் இன்று இளைஞர் தொழிற்கல்வி பயில்கின்றனர்.

அன்பர்களே! எஞ்சினைக் கற்பித்தவர்க்குப் புத்தகங்களில் இடமுண்டு. மேடையைத் தள்ளிய கைகளுக்கோ அது அரிது. அக்கைகளுக்கு ஏற்ற ஞாபகச்சின்னம் சிலையன்று, பள்ளிக்கூடமே என்பது நம் கருத்து. நம்முள்ளும் தண்டவாளத்தோடும் பட்டறையோடும் வாழ்ந்த முதியோர் உளர். அவர்கள் அறிந்த தொழிலையும் கண்ட காலத்தையும் இன்றே கேட்டு எழுதிவைப்போம். கட்டடம் பாழானால் செப்பனிடலாம். மறைந்த மனிதரின் நினைவை எவராலும் செப்பனிட ஒண்ணாது.