பொறிக்குள் ஒரு பொறி

தமிழில் ‘பொறி’ என்பது இயந்திரத்துக்கும் பெயர். நெருப்பிலிருந்து தெறிக்கும் துளிக்கும் பெயர். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர் மோட்டார் சைக்கிளைக் கண்டவரல்லர். ஆயினும் அச்சொல் அந்த வண்டிக்கென்றே அளவெடுத்துத் தைத்தாற்போல் பொருந்திவிட்டது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அடைபட்டிருக்கும் உருளைக்குள் உரிய நொடியில் ஒரு பொறி விழுமானால் வண்டி ஓடும். விழாவிட்டால், என்ன விலை கொடுத்து வாங்கியதாயினும், அது திண்ணையோரம் கிடக்கும் இரும்புதான்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில் பொறியைப் புகழ்ந்து பேசுவதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தது முதல், இப்பகுதி நெருப்பை விற்றுப் பிழைக்கிறது. அதே நெருப்புக்கு அஞ்சியும் வாழ்கிறது. மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புக் கருவியை விடமாட்டார்கள். உராய்வில் பிறக்கும் ஒரு துளி போதும் என்பதை இங்குள்ளோர் பட்டு அறிந்திருக்கிறார்கள். அந்த மருந்தின் மூலப்பொருளாகிய வெடியுப்பை அரபியர் ‘சீனப் பனி’ என அழைத்தனர். 13-ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த ஹஸன் அர்ரம்மாஹ் அதைத் தூய்மைப்படுத்தும் முறையை விரிவாக எழுதி வைத்தார்.

வெடிமருந்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன உறவு என நேயர்கள் வினவலாம். நெருங்கிய உறவே உண்டு. உருளைக்குள் எதையேனும் எரித்து, அதன் விசையால் பிஸ்டனை அசைத்து வேலை வாங்கலாம் என்று எண்ணிய ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ், 1673-இல் அதற்கெனத் தேர்ந்தது வெடிமருந்தையே. அம்முயற்சி நடைமுறைக்கு வரவில்லை. நான்கு வீச்சுகளில் இயங்கும் எஞ்சினை ஜெர்மனியின் ஓட்டோ 1876-இல் நிறைவாக்கினார். 1885-இல் டைம்லர் ஓர் எஞ்சினை இருசக்கர வண்டியில் ஏற்றினார். வெடிமருந்து இருந்த இடத்தில் பெட்ரோல் ஆவி வந்து அமர்ந்தது. நாம் பேசவிருக்கும் வண்டிக்கோ துப்பாக்கி உறவு பெயரிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கி ஆலைக்கு உறுப்புகள் செய்து கொடுத்ததால் ‘ராயல் என்ஃபீல்டு’ என்னும் பெயரைச் சூடிக்கொண்ட ரெட்டிச் நகர நிறுவனம், 1901-இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 1932-இல் ஒரு வண்டிக்குப் ‘புல்லட்’, அதாவது துப்பாக்கிக் குண்டு, எனப் பெயரிட்டது.

இயந்திரக் கலையை அரபியில் ‘ஹியல்’ என்பர். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இச்சொல் வேறொரு முகத்தோடு அறிமுகமாகியிருக்கும். சட்ட நூல்களில் அது நெருக்கடியைத் தந்திரமாகக் கடக்கும் வழிகளைக் குறிக்கும். இயற்கையின் நெருக்கடியைத் தந்திரத்தால் கடப்பதுதானே இயந்திரமும்! 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதின் பனூ மூஸா சகோதரர் மூவர் இப்பெயரிலேயே நூல் செய்தனர். தியார்பக்கிரில் அர்த்துகிய மன்னர்களிடம் பணியாற்றிய அல்ஜஸரீ, 1206-இல் முடித்த தம் நூலில் ஐம்பது கருவிகளை விவரித்தார். சுழலும் சக்கரத்தால் எதிரெதிரான இரு பிஸ்டன்களை மாறிமாறி இயக்கித் தண்ணீர் இறைக்கும் கருவியும் அவற்றுள் ஒன்று. மோட்டார் சைக்கிள் இதன் மறுதலை. அங்கே பிஸ்டனின் அசைவு சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆனால் அல்ஜஸரீயை நாம் இங்கு நினைவுகூர்வது அதற்காக மட்டுமன்று. செய்து பார்க்காத தொழிலறிவை அவர் நம்பவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் எதனால், எவ்வளவில், எப்படிப் பொருத்துவது என்று, படிக்கிற தொழிலாளி மீண்டும் செய்யக்கூடிய வகையில் எழுதினார். அறிவு ஒருவர் கையோடு அடக்கமாகிவிடக் கூடாது என்ற கவலை அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

புல்லட்டின் வரலாறும் அத்தகைய கவலைக்குரியதே. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன; சென்னையை அடுத்த திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டினார்கள். 1957-இல் உறுப்புகளைச் செய்யும் அச்சுகளும் கருவிகளும் இங்கு வந்தன. 1962 அளவில் முழு வண்டியும் இந்நாட்டிலேயே உருவாயிற்று. பிறகு நடந்ததுதான் விந்தை. 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது; 1970-இல் அந்நிறுவனத்தின் உற்பத்தி இங்கிலாந்தில் அடியோடு நின்றது. உஸ்தாத் ஓதுவதை நிறுத்திவிட்டார், மாணவர் நிறுத்தவில்லை. 1977-இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. கிரேக்க நூல்கள் கிரேக்கத்தில் மறக்கப்பட்ட பின் பக்தாதின் அரபு மொழிபெயர்ப்புகளில் உயிர்தரித்து மீண்டும் ஐரோப்பா போய்ச் சேர்ந்ததை அறிந்தவர்க்கு இது புதிய கதையன்று. 2008 வாக்கில் எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒன்றாயமைந்த புதிய எஞ்சின் வரும்வரை, 70 மில்லிமீட்டர் அகலமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்தப் பழைய 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின் அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே பிறந்துகொண்டேயிருந்தது.

ஆலையில் அந்தத் தொடர் இன்று அறுந்துவிட்டது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புகை விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படும் வண்டிகளில் கார்பரேட்டரின் இடத்தில் மின்னணு முறையில் எரிபொருள் தெளிக்கும் அமைப்பு வந்திருக்கிறது. அது நன்மையே, புகை குறைவு. ஆனால் அதன் நோயை அறியக் கருவியும் கணினியும் வேண்டும். பழைய வண்டியின் நோயை அறிய இரு கண்ணும் இரு கையும் சிறிது பொறுமையும் போதும். அவ்வறிவு இப்போது பட்டறைகளில் நரைத்த தலையுள்ளோரிடமே பெரும்பாலும் தங்கியிருக்கிறது. அவர்கள் எதையும் எழுதி வைப்பதில்லை. அத்தா ஓட்டிய வண்டி என்று துணி போர்த்தி வைத்திருந்ததை, ‘இனி ஓடாது’ என்று யாரோ சொன்ன ஒரு சொல்லை நம்பி எடைக்குப் போட்டுவிடும் வீடுகளை நாம் அறிவோம். காயலான் கடை என்னும் பெயரே காயல்பட்டினத்து வணிகரால் வந்ததென்பர். அக்கடையின் மீது நமக்கு வருத்தமில்லை. எனினும் அங்கே போவதற்கு முன் ஓரிரு மாலைகளை அந்த வண்டிக்கு ஈவது தகும்.

பல்லாண்டு நின்ற வண்டியைக் கண்டதும் கிக்கரை உதைப்பது முதல் தவறு. டாங்கில் கெட்டுப்போன பெட்ரோலை முதலில் இறக்க வேண்டும். அடுப்பும் விளக்கும் இல்லாத திறந்த வெளியில், பட்டாசுப் பெட்டி வைத்த வீடாயின் அதற்கு வெகு தொலைவில். 2023 முதல் பரவி வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். நாட்படக் கிடந்தால் டாங்கின் அடியில் நீர் தங்கித் துரு ஏறும், பழைய ரப்பர்க் குழாய்களும் நைந்துபோகும். ஆகவே குழாயை மாற்றுவதும், கார்பரேட்டரைக் கழற்றி அதன் ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்வதும் கட்டாயம். கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும். கரிசல் புழுதி மெல்லியது. காற்று வடிகட்டியில் எவ்வளவு அடைந்திருக்கிறதென்று திறந்து பார்த்தால் திகைப்பாக இருக்கும்.

அடுத்தது எண்ணெய். இதை அறியாமையால் வீணான பணம் கொஞ்சமன்று. புல்லட்டின் எண்ணெய்த் தொட்டி எஞ்சினின் வார்ப்புக்குள்ளேயே இருக்கிறது. வண்டி நெடுநாள் நின்றால் எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். அந்நிலையில் கிக்கர் கனக்கும். எப்படியோ ஓடினாலும் சைலன்சரில் வெண்புகை மண்டும். ‘ரிங் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்’ என்று தீர்ப்பாகிவிடும். உண்மையில் அடியிலுள்ள வடிகால் திருகைக் கழற்றி, தங்கிய எண்ணெயை வடித்து, தொட்டியில் புது எண்ணெய் ஊற்றினாலே பல வண்டிகள் தெளிந்துவிடும். பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சில துளி எண்ணெய் விட்டு, கிக்கரை மெல்லக் கையால் அழுத்திப் பிஸ்டன் இளகியதா என்று பார்த்த பின்னரே மேற்கொண்டு செல்லலாம்.

இனிப் பொறி. முகப்பு விளக்கின் மேலுள்ள ஆம்பியர் மீட்டரைப் பலர் அலங்காரம் என்றே எண்ணுகிறார்கள். அது வண்டியின் நாடி. சாவியைத் திருப்பி, கிக்கரைக் காலால் மெல்ல மெல்ல அழுத்துக. பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் கழித்தல் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். முள் சாயவேயில்லை என்றால் மின்சாரம் வந்து சேரவில்லை: பேட்டரி, ஃபியூஸ், அறுந்த வயர், அல்லது பாயிண்ட்டின் முகத்தில் அழுக்கு. சாய்ந்தது திரும்பவேயில்லை என்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது மின்சாரம் வழியிலேயே எங்கோ உடம்பில் படுகிறது. ஒரு முள்ளின் அசைவிலிருந்து இவ்வளவையும் வாசிக்கலாம்! பாயிண்ட் முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். அச்சகங்கள் மலிந்த நம் பகுதியில் அட்டைத் துண்டை வைத்து அளக்கத் தோன்றும். அட்டையின் கனம் அட்டைக்கு அட்டை மாறும், ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்வதே மேல். பாயிண்ட்டிலேயே பொறி பெரிதாகப் பறந்து, பிளக்கில் மஞ்சளாய் மெலிந்து விழுந்தால் குற்றம் கண்டென்சரில். குளிர்ந்தபோது ஓடி, சூடேறியதும் நின்றுவிடும் வண்டியிலும் கண்டென்சர் அல்லது காயிலையே முதலில் ஐயுற வேண்டும். பிளக்கைச் சோதிக்கையில் அது கழன்ற துளையிலிருந்து எட்டியே இருக்கட்டும். அத்துளையிலிருந்து பீறிடுவது பெட்ரோல் ஆவி.

வால்வுகளின் சரிபார்ப்பும் எளிதே. எஞ்சின் குளிர்ந்திருக்கையில், அழுத்த வீச்சின் முடிவில் பிஸ்டனை மேலே நிறுத்தி, வலப்பக்க டேப்பட் மூடியைத் திறந்தால் இரு புஷ்ராடுகள் தெரியும். விரலால் திருகினால் அவை தடையின்றிச் சுழல வேண்டும், மேலுங்கீழும் ஆடலாகாது. இதற்குத் தமிழில் ஒரு வரியே போதுமாயிருக்க, இதை அறியாது ஓட்டி வால்வைக் கருக்கியவர் பலர்.

உதைப்பதற்கும் முறையுண்டு. கிக்கர் கனக்கும் இடம் வரும்வரை அழுத்தி, டீகம்ப்ரசர் பிடியை இழுத்து, முள் நடுவுக்குத் திரும்பியபின் இன்னும் சற்றே நகர்த்தி, பிடியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே வீச்சாக இறக்க வேண்டும். இம்முறை தப்பினால் கிக்கர் திருப்பியடிக்கும்; கணுக்கால் முறிந்தோரும் உண்டு. வண்டி எழுந்து தன் மெல்லிய நடையில் நின்று துடிக்கத் தொடங்கிய பின், பதிவுச் சான்றை எடுத்துப் பார்க்க மறவாதீர்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொருமுறை தகுதி காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கிறேன் என்று வரும் இளைஞரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: இந்தப் பழைய வண்டியில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்.